தெக்லா கடையில் உதறிவிட்டுப் போகலாம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது சமையல் சிறப்பிதழுக்காகக் கேட்டு வாங்கப்பட்ட கட்டுரை. "இத்தனை வருஷமா பிலிப்பைன்ஸ்ல இருக்கீங்க. வெளியில யாருக்கும் தெரியாத, மலிவான சாப்பாட்டுக் கடை ஒண்ணைப் பத்தி எழுதுங்களேன். படிச்சா நாக்குல எச்சில் ஊறணும்" என்றார் பத்திரிகை ஆசிரியர். சரி என்று உட்கார்ந்து இப்படித் தொடங்கினேன்:

"லகூனாவில், ஏரிக்கரைச் சாலையில், பெயர்ப்பலகைகூட இல்லாத அந்தக் கடையின் பானையைத் திறந்தால், வினிகரில் வெந்த பன்றிக்கறியின் வாசனை…"

அதற்கு மேல் ஓடவில்லை. பானைக்குப் பின்னால் நிற்கிறவள் என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள். அவளை விட்டுவிட்டுக் கறியை மட்டும் எழுத முடியாது. அவளை எழுதினாலோ யாருக்கும் எச்சில் ஊறாது.

2

அவள் பெயர் தெக்லா. வயதுக்கு மரியாதையாக ஆலிங் தெக்லா என்பார்கள். கடைக்கு நேர் எதிரே, இறந்தவர்களைக் கிடத்திவைத்துத் துக்கம் விசாரிக்கிற கூடம். அவள் பிழைப்பே அதனால்தான்.

நம் ஊரில் துக்கத்துக்குப் போய்வந்தால் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம். இங்கே தலைக்குப் பதில் வயிறு. நேராக வீடு திரும்பினால் செத்தவரும் கூடவே வந்துவிடுவார். வழியில் எங்கேயாவது உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டு, அவரை அங்கேயே உதறிவிட்டுப் போகவேண்டும். இந்த ஊர் தன் சாவையெல்லாம் உதறியது தெக்லாவின் பெஞ்சில்தான்.

"என் கடையில உசுரோட இருக்கிறவங்களவிட மத்தவங்கதான் ஜாஸ்தி. ஒருத்தரும் ரெண்டாவது தடவை சோறு கேக்கறதில்ல, அதுவரைக்கும் நல்லவங்க" என்பாள்.

3

அவளுக்கு ஒரு மகன் வேண்டியிருந்தது. (எனக்குத்தான் வேண்டியிருந்தது. கதைக்கு.)

டெல்ஃபின் என்று பெயர் வைத்தேன். சவாரி வண்டி ஓட்டுகிறவன். முதல் பிரதியில் தங்கமான பிள்ளை. எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதை அடித்துவிட்டு, அம்மா அசந்த நேரம் பானைக்குள் கைவிட்டுக் கறி பொறுக்குகிறவனாக, அகப்பையால் மண்டையில் வாங்கிக்கொண்டு சிரிக்கிறவனாக மாற்றினேன். உடனே உயிர் வந்துவிட்டது. உயிர் வந்தவனைக் கொல்ல வேண்டியிருந்தது. ஏரியில் மூழ்கடித்துப் பார்த்தேன். காய்ச்சலில் படுக்கவைத்துப் பார்த்தேன். கடைசியில், மழையில் ஒரு லாரி அவன் வண்டியை

இல்லை, அந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. எதிர்க்கூடத்தில் கிடத்திவிட்டார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

4

மறுநாளே தெக்லா கடையைத் திறந்தாள். மகள் லிகாயா சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்தாள்.

"அம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? எதிர்ல தம்பி படுத்திருக்கான், நீ இங்க உலை வைக்கிற! பாக்கறவங்க காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். அவனைப் பாத்துட்டு வர்றவங்க எங்கயாச்சும் சாப்பிட்டுத்தானே போகணும்? இங்க சாப்பிடட்டும். இங்கயே அவனை உதறிட்டுப் போகட்டும். ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா அவன் என்கிட்டயே வந்துடுவான்டி."

லிகாயா தலையில் அடித்துக்கொண்டாள். தம்பியிடமே திரும்பிப் போனாள்.

தெக்லா அவனுக்குப் பிடித்த கோழிச்சாறு வைத்தாள். முருங்கைக்கீரை மட்டும் போடவில்லை.*

* முருங்கையை உருவினால் இலை ஒன்றன்பின் ஒன்றாக உதிருமல்லவா? துக்க நாளில் அதைச் சமைத்தால் வீட்டில் சாவும் அப்படியே தொடருமாம். வேதாளம் ஏறுகிற மரம் இங்கேயும் சும்மா இருக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. கூடத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். தெக்லாவின் கடையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வலப்பக்கம் திரும்பினார்கள். அங்கே மூலையில், கண்ணாடிக் கதவு போட்ட புது பர்கர் கடை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் தட்டு நீட்டக் கூடாதென்கிற நல்லெண்ணம். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் அந்த நல்லெண்ணம் இருந்தது.

ஒரு சத்தம் கொடுத்துக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூடாது. துக்கத்துக்கு வந்தவர் கிளம்பும்போது சாவு வீட்டுக்காரர் வழியனுப்பக் கூடாது, பின்னால் போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. தெக்லா அகப்பையும் கையுமாக வாசலுக்கு உள்ளேயே நின்றாள். "அவள் கண்களில் கண்ணீர்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவளுக்கு வந்தது ஆத்திரம்.

5

அடுத்த நாளும் அப்படியே ஆனதும், அவள் அடுப்பை அணைத்துவிட்டு பர்கர் கடைக்குள் போனாள். டெல்ஃபினின் கூட்டாளிகள், வண்டிக்காரர்கள், உட்கார்ந்திருந்தார்கள். காடோர் என்பவன் வாயில் வைத்ததை எடுத்துவிட்டு எழுந்தான்.

"உட்காருங்க ஆலிங் தெக்லா. தப்பா நெனைக்காதீங்க. இந்த நேரத்துல உங்க கையால வாங்கிச் சாப்பிட்டா தொண்டையில எறங்குமா?"

"நல்லா இருக்குடா உங்க மரியாதை! அவனைக் கொண்டாந்து இங்க விட்டுட்டீங்களே. இந்த ரொட்டிய அவன் தொட்டிருக்கானா? சோறே இல்லாத எடம்டா இது. எந்த மேஜையில உக்காந்திருக்கான்னு நான் எப்பிடிக் கண்டுபிடிப்பேன்?"

அவள் மேஜை மேஜையாகப் போய் நாற்காலிகளின் முதுகைத் தடவிப் பார்த்தாள். காகிதத் தொப்பி போட்ட பெண் வந்து, "என்ன சாப்பிடுறீங்கம்மா?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம் கண்ணு. பையனைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

6

முடிவுகள்.

(அ) வெட்கப்பட்ட வண்டிக்காரர்கள் மறுநாள் கூட்டமாக அவள் கடைக்கு வந்து அழுதுகொண்டே சாப்பிடுகிறார்கள். ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் இவர்களை எனக்குத் தெரியும். வெட்கப்பட்டவர்கள் இனி அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். கிழித்துவிட்டேன்.

(ஆ) தெக்லா வெளியே வருகிறாள். தான் வந்த பிறகும், இன்னொருவர் வருவதற்காகக் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு எங்கேயும் உட்காராமல், நேராக வீட்டை நோக்கி…

இதைத்தான் நான் நம்புகிறேன். எழுதத்தான் பயம். வீட்டுக்கு வந்த சாவு ஒருவரோடு நிற்காது என்பார்கள். வீட்டில் லிகாயா இருக்கிறாள். முருங்கைகூடச் சேர்க்காமல் ஒதுக்கியவள் இதை அறியாதவளா? அறிந்தும் கதவைப் பிடித்தாளா? என்னால் அவளை அனுப்பவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. கதவு திறந்தபடி இருக்கிறது.

(இ) இது உங்கள் கையில். இவ்வளவு நேரம் நீங்களும் டெல்ஃபினின் துக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். இப்போது எழுந்திருப்பீர்கள். நேராக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எங்கேயாவது நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வலப்பக்கம் திரும்பினால் விளக்கு பளிச்சென்று எரிகிற கண்ணாடிக் கடை. நேர் எதிரே போனால் மூன்று பானையும் ஒரு பெஞ்சும்.

அவள் உங்களைக் கூப்பிட மாட்டாள். கூப்பிடக் கூடாது.