அரச பாதம் தரை தொட்ட வரலாறு

இங்கிலாந்தின் அரியணை ஆண்டுதோறும் வளர்ந்தது. ஓக் மரம்தானே, வளராமல் என்ன செய்யும் என்று தச்சர்கள் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். பழைய ராஜா குதிரையிலிருந்து விழுந்து செத்தபோது மகன் பால்பல் விழாத பிள்ளை. அவன் ஆளாகும்வரை நாட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சித்தப்பா ஹார்ன்ஸ்மியர் பிரபு பைபிள்மீது சத்தியம் செய்தார். அரியணையில் அமர்ந்த ராஜாவின் பாதம் தரையைத் தொடும் நாளில் பிரபுவின் பொறுப்பு முடியும் என்பது முன்னோர் சட்டம். பார்த்துச் சொல்லும் பதவி சர் வைமண்ட் த்ரேலுடையது. மிக்கேல் திருநாள்தோறும், வாத்து வறுபடும் வாசனை மண்டபத்துக்குள் வரும் நேரத்தில், அவர் மண்டியிட்டு, கோரை பரப்பிய தரையில் கன்னத்தை வைத்து, பாதங்களுக்குக் கீழே நோக்கி, "தொடவில்லை" என்று முழங்குவார். பிரபுக்கள் ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

மீசை அரும்பிய வருடம் ராஜா அரியணையைவிட வேகமாக வளர்ந்துவிட்டார். இடைவெளி ஒரு விரற்கடைதான். "மாமா, இப்ப தொடுதா பாருங்க, நல்லா நீட்டியிருக்கேன்" என்று மேலிருந்து வைமண்டிடம் கிசுகிசுத்தார். ஹார்ன்ஸ்மியர் பிரபு தாடையைச் சொறிந்தபடி வைமண்டைப் பார்த்தார். சென்ற குளிர்காலத்தில்தான் வைமண்டுக்கு ஒரு மாவு ஆலை கொடுத்திருந்தார். "தொடவில்லை" என்றார் வைமண்ட். அது உண்மையாக இருந்ததுதான் அவமானம்.

வீட்டில் மனைவி ஏவிஸ் கேட்டாள்: "ஏங்க, காலுக்கடியில ரெண்டு கை கோரையை அள்ளித் தள்ளியிருந்தா தொட்டிருக்குமே? மாட்டுக்குத் தள்ளத் தெரியுது, ராஜாவுக்குத் தெரியலையா?" வைமண்ட் விலாங்கு மீன் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தார்.

மறுவருடம் கோரை யோசனையோடுதான் போனார். அதற்குள் அரியணை ஒரு முழம் உயர்ந்திருந்தது. பிறகு மண்டியிட வேண்டிய தேவையே இல்லை. நின்றபடி பார்த்தார், அப்புறம் அண்ணாந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கக் கூசி, ராஜாவை உள்ளங்கால் ஆணியையும் காலுறைக் கிழிசலையும் வைத்தே அறிந்திருந்தார். "யோவ் வைமண்ட், சொல்லித் தொலையேன்" என்று ராஜாவின் கனத்த குரல் இறங்கி வரும். நார்மண்டிக் கோட்டைகள் ஒவ்வொன்றாகப் போயின. பாலத்துக்கு வரி வந்தது, பாலம் வரவில்லை. பிரபுவின் மாளிகைக்குக் கோபுரங்கள் மட்டும் வந்தன.

ஈஸ்டர் விருந்தில் ஆட்டுத்தொடையைக் கையில் பிடித்தபடியே பிரபு இறந்தார். அவர் ஆட்சி வெற்றியா தோல்வியா என்று தீர்மானிக்கச் சபை கூடியது. தோல்வி என்றால் அவர் கொடுத்த நிலங்கள் செல்லாது. நிலம் வாங்காதவர் அங்கே யாருமில்லை. அரியணையை இவ்வளவு உயர்த்திய ஆட்சி வேறு உண்டா என்று ஆல்டன்ஹோப் பிஷப் கண் கலங்கினார். ஆனாலும் சட்டம் சட்டம்தான்; பாதம் தொட்டிருந்தால்தான் பிரபு பொறுப்பை நிறைவேற்றியதாகும். பாதம் தொட்டதா என்று வைமண்டைக் கேட்டார்கள். ராஜா உத்தரத்தருகே, நரைத்த தாடியோடு இருந்தார். இப்போதாவது அவரை விடுவிப்போம் என்று நினைத்த வைமண்ட், சிரிப்பார்களோ அடிப்பார்களோ என்று அஞ்சியபடி, "தொட்டுவிட்டது" என்றார்.

ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆமென் என்றார்கள். பிஷப் அவரைக் கட்டிக்கொண்டார்: "காலத்துல சொன்னீங்க வைமண்ட்! செத்தவரு நெஞ்சு குளிர்ந்திருக்கும்." ஆட்சி முழு வெற்றி என்று தீர்ப்பானது.

"தொட்டுடுச்சா? எனக்குத் தெரியலையே!" என்றது மேலேயிருந்து குரல்.

"தரையில நின்னு பார்த்தாத்தான் தெரியும், மகாராஜா!" என்றார் பிஷப்.

அதன்பின் ராஜாவை இறக்க ஏணி கேட்பது தீர்ப்பை அவமதிப்பதாகும் என்பதால் வைமண்டாலும் கேட்க முடியவில்லை. ராஜா அங்கிருந்தே ஆண்டார். மனுக்களைக் கூடையில் கட்டி மேலே இழுத்தார்கள். உத்தரவுகள் இறங்கி வந்தன. கூரைச் சாளரம் பக்கத்தில் இருந்ததால் மழை வருவதை அவர்தான் முதலில் சொன்னார். துணி காயப்போட்ட பெண்கள் இப்படியொரு நல்ல ராஜா வாய்த்ததில்லை என்றார்கள். ஏவிஸும் அப்படித்தான் சொன்னாள். வைமண்ட் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார்.