உங்கள் குழந்தை எது?

வீட்ஸ்கேயின் வீட்டு ஜன்னலுக்குத் திரை கிடையாது. அந்தத் தெருவில் யார் வீட்டுக்குமே கிடையாது. விளக்கைப் போட்டால் யார் தட்டில் என்ன இருக்கிறது என்பது வரை தெருவுக்குத் தெரியும். ஆனால் போகிறவர்கள் பார்க்க மாட்டார்கள், அது மரியாதை. ஒளித்து வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. மகள் ஃபீனின் படங்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியபோதும் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்தேதான் வைத்தாள். கனடாவில் இருக்கும் அத்தை பார்க்க வேண்டுமாம். அந்த அத்தை ஏழு வருஷத்தில் மூன்று முறை எட்டிப் பார்த்திருந்தால் அதிகம்.

புதன்கிழமை மதியம், நீச்சல் குளத்துக் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தாள். பெரிய கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தண்ணீரில் கிடந்தன. இந்தப் பக்கம் பெற்றவர்கள் காபி குடித்தார்கள். பக்கத்து நாற்காலியில் ட்ரூஸ். அவள் மகனும் ஃபீனின் நீச்சல் வகுப்புதான்.

"சான்றிதழ் வாங்கின படத்தைக் காட்டேன்" என்றாள் ட்ரூஸ்.

வீட்ஸ்கே போனை நீட்டினாள். நீச்சலுடையில், ஈரம் சொட்டச் சொட்ட, முதல் சான்றிதழைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள் ஃபீன். அடியில் பிள்ளையின் முழுப்பெயர், குளத்தின் பெயர், 'இனி புதன்தோறும் அடுத்த வகுப்பு!' என்று அம்மாவின் குதூகலம்.

"இதென்னடி, அறுநூத்திப் பதினாலு பேர் சேமிச்சு வெச்சிருக்காங்க?"

"அழகா இருக்கால்ல, அதான்."

"அப்போ பிறந்தநாள் கேக் படத்தை எத்தனை பேர்?"

ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடத்து முதல் நாள் படம், அதுவும் ஒருவர்கூட இல்லை. கடற்கரையில் நீச்சலுடையோடு மணல் வீடு கட்டிய படத்துக்கு நானூற்றுச் சொச்சம். ட்ரூஸ் காபியைத் தள்ளி வைத்தாள். கேக்கைத் தொடாமல் குளிரில் நடுங்கும் குழந்தையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், த்தூ. அறுநூறு பேர் பிள்ளையைத் தொட்டுத் தடவிவிட்டுப் போனதுபோல் வீட்ஸ்கேவுக்கு உடம்பு கூசியது.

"கீழ யாரோ எழுதியிருக்கான் பாரு" என்றாள் ட்ரூஸ்.

முகமில்லாத ஒரு கணக்கு. 'போன வாரம் சிவப்பு நீச்சலுடையில் இன்னும் அழகு.'

"சிவப்பா? அந்தப் படத்தை எங்க போட்ட?"

"எடுக்கவே இல்ல." வீட்ஸ்கே மறுபடி அந்த வரியைப் பார்த்தாள். "போன வாரம் இங்க வந்தப்பதான் சிவப்பைப் போட்டிருந்தா. நான் படமே எடுக்கல, ட்ரூஸ்."

அப்படியென்றால் அவன் பார்த்தது இணையத்தில் இல்லை. இங்கே, இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான்.

அவள் எழுந்தாள். அந்த ஊரில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கேட்டாள். "உங்க குழந்தை எது?"

"மஞ்சத் தொப்பி. ஏங்க?"

"உங்க குழந்தை எது?"

"அதை எதுக்கு நீங்க கேக்குறீங்க?" என்று ஒருத்தி முகம் சுளித்தாள். சுளிக்கட்டும். நாலாவது மேஜைக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. பாதி குடித்த காபியில் ஆவி பறந்தது. வெளிக்கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். வாசலில் சைக்கிள்கள் மட்டும் நின்றன.

"அந்த மேஜைல இருந்தவரா?" என்றாள் கல்லாவில் இருந்தவள். "நல்ல மனுஷங்க. புதன் தவறாம வருவாரு. பேரப்பிள்ளை நீந்துதுன்னு நெனச்சேன்."

"எந்தப் பேரப்பிள்ளை?"

"அதைப் போய்க் கேப்பாங்களா? நல்லாவா இருக்கும்?"

வீட்ஸ்கேவுக்கு அவளை அறைய வேண்டும்போல் வந்தது. அப்புறம்தான், எத்தனையோ புதன்கிழமை நாமும் அந்த ஆளுக்குச் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்துச் சிரித்திருப்போம் என்று உறைத்தது.

"போலீஸைக் கூப்பிடுங்க. கேமராவுல பதிவானதை யாரும் அழிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் குளத்துக்குள் ஓடினாள்.

வகுப்பு முடிந்திருந்தது. ஃபீன் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிக்க நின்றிருந்தாள். அம்மா ஓடி வருவதைப் பார்த்தாள். அம்மா கையில் போன் இருப்பதையும் பார்த்தாள்.

உடனே சிரித்தாள். முகவாயைக் கொஞ்சம் தூக்கினாள். துண்டைத் தோளிலிருந்து நழுவவிட்டு, காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"துண்டை எடுத்துட்டேன்மா, இப்ப படம் எடு" என்றாள் நடுங்கிக்கொண்டே. "துண்டு இருந்தா படத்துல மறைக்குதுன்னு சொல்லுவல்ல."