குறை சொல்லாத நாக்கு

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். டிரைவிங் ஸ்கூலில் பதினெட்டு வருஷமாக வாத்தியார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கிளட்ச்சை இப்படியா மிதிப்பாங்க என்று கேட்டே காலம் தள்ளியவன். பழக்கதோஷம், வீட்டிலும் வாய் சும்மா இருக்காது. உப்பு ஒரு கல் கூடினால் போதும், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு பிரசங்கமே செய்துவிடுவேன். மனைவி மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து சமைக்கிறாளே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

தொற்று வந்தது, ஊரை அடைத்தார்கள். டிரைவிங் ஸ்கூலுக்குப் பூட்டு. மருந்துக்கடைக்கு மட்டும் லீவே கிடையாது. மூன்றாவது வாரம் ஒரு நாள் இருமிக்கொண்டே வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பதினாலு நாள் இந்தப் பக்கம் வராதீங்க. அரிசி நீல டப்பால இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எனக்குக் கவலை வந்தது. முதலில் அவளை நினைத்து. அரைமணி கழித்து அரிசியை நினைத்து.

டாக்டர் போனில்தான் கிடைத்தார். வாசனையும் ருசியும் போயிருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். எப்போது தேறுவாள், எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று நான் நச்சரிக்க, "சாப்பாட்டுல குறை சொல்ல ஆரம்பிச்சாங்கன்னா பொழச்சுக்கிட்டாங்கன்னு வச்சுக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் சோறு பசையாக வந்தது. சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கலாம். பருப்போ வேகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டையும் கதவோரம் ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். தட்டு வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது. நல்லா இருந்துச்சு என்றாள். நானே ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பிய பருப்பு அது.

இருந்தாலும் பாராட்டு பாராட்டுதானே. எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் குடும்பமும் மாடிவீட்டு பேங்க்காரரும் படுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், அவர்களுக்கும் டப்பாவில் போட்டு வாசலில் வைக்க ஆரம்பித்தேன். எல்லாருக்கும் நாக்கு செத்துக் கிடந்த நேரம். மூக்கே வேலை செய்யாத தையல்காரர் என் கைமணத்தைப் புகழ்ந்தார். பேங்க்காரர் ஒருபடி மேலே போய், ஹோட்டல் வைக்கிறீர்களா, லோனுக்கு நானாச்சு என்றார்.

எட்டாம் நாள் பேங்க்காரர் வீட்டு டப்பா பாதிச் சோற்றோடு திரும்பியது. பத்தாம் நாள் தையல்காரரின் மனைவி, ரொம்பவும் பணிவாக, உங்களுக்கு எதற்கு வீண் சிரமம், நாங்கள் ரொட்டியே வாங்கிக்கொள்கிறோம் என்றார். தேறிவிட்டார்கள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தாலும் உள்ளூரச் சந்தோஷம். அன்று மதியம் எங்கள் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இருமல் கேட்டது. ஸ்பூன் சத்தம் கேட்டது. அப்புறம், நல்லா இருந்துச்சு என்றாள்.

எனக்கு உண்மையான பயம் பிடித்தது அன்றைக்குத்தான். தெருவே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டது, என் வீட்டில் மட்டும் புகழ்ச்சி ஓயவில்லை. பன்னிரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் பருப்பில் ஒரு கைப்பிடி உப்பை வேண்டுமென்றே அள்ளிப் போட்டேன். எந்த மனுஷியாலும் வாயில் வைக்க முடியாது.

தட்டு காலியாக வெளியே வந்தது. "நல்லா இருந்துச்சு. தண்ணி மட்டும் இன்னும் ரெண்டு சொம்பு வைங்க."

சொல்லிக்கொடுக்கிற காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். எவன் எப்படி ஓட்டினாலும் நான் மிதித்து நிறுத்திவிடலாம். இங்கே மிதிக்க ஒன்றுமில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதேன். ஒரு கை உப்பு போட்டேன், அதுகூட உனக்குத் தெரியலையா, எல்லாருக்கும் ருசி வந்துடுச்சு, உனக்கு மட்டும் ஏன் வரலை என்று புலம்பினேன்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, அவள் கதவருகே வந்தாள்.

"ருசி வந்து ஆறு நாளாச்சுங்க."

"பின்ன ஏன் சொல்லலை?"

"குறை சொன்னா ரோஷத்துல விட்டுடுவீங்களே. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல இப்பதான் ஒருத்தர் சமைச்சு வச்சு, நான் உக்காந்து சாப்பிடறேன்."

அவள் பிழைத்துவிட்டாள் என்பதே எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு சொம்புத் தண்ணீரை ஸ்டூலில் வைத்தேன். இன்னும் இரண்டு நாள்தான், அப்புறம் அடுப்படிக்கு வந்துவிடுகிறேன் என்றாள்.

"பதினாலு நாளெல்லாம் பத்தாது" என்றேன். "இன்னும் ஒரு மாசம் உள்ளேயே உக்காந்து சாப்பிடு."