பொய்க்காரியின் வயிறு

கோபன்ஹேகனில் இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். சைக்கிள்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அப்படிப்பட்ட என்னைப் பன்னிரண்டு வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தவன் டாக்டர் ஹென்னிங்.

வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோய் வருமென்று பயந்துதான் அவனுடைய ஆராய்ச்சியில் சேர்ந்தேன். உழைக்கும் தசை ஒரு புரதத்தை ரத்தத்தில் விடுகிறது, அது கொழுப்பிடம் போய்க் கரையச் சொல்கிறது என்பது அவன் கட்சி. அதைச் சோதிக்க மாதம் ஒருமுறை எங்களுக்கு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். மீதிப் பேருக்கு அந்தப் புரதத்தின் சேதியை மறிக்கும் மருந்து. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஹென்னிங்குக்கும் தெரியாது.

நெஞ்சில் இதயத்துடிப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, வேலைக்குப் போகுமுன் வீட்டிலேயே உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தேன். முழங்கால் வீங்கிய வாரம்கூட ஒரு நாள் விடவில்லை. தொடை கல்லானது. ஆனால் கடைசி ஸ்கேனில் வயிற்றுக் கொழுப்பு துளியும் குறையவில்லை. கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

வெளியே வந்தால், வாராவாரம் வெள்ளிக்கிழமை வைக்கும் கேக்கை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு துண்டுக்குக் கை நீட்டினேன்.

"போடில், அந்தப் பட்டையை உங்க நாய் கழுத்துல கட்டி ஓட விட்டீங்களா?" என்றான் ஹென்னிங். பத்துப் பேர் சிரித்தார்கள்.

"என்கிட்ட நாயே கிடையாது."

"அப்போ புருஷன் மிதிச்சாரா? எந்த மருந்து ஏத்தியிருந்தாலும், நிஜமா மிதிச்சவங்களுக்குக் கொஞ்சமாவது குறையுங்க. பொய் சொல்றவங்களை வச்சுக்கிட்டு நான் ஆராய்ச்சி பண்ண முடியாது."

அங்கேயே பட்டியலில் என் பெயரைப் பேனாவால் அடித்தான். நர்ஸ் யூட்டெ தலையைக் குனிந்துகொண்டாள். நான் கேக்கைத் தொடாமல் வந்துவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து யூட்டெ போன் செய்தாள். "உறையைப் பிரிச்சாச்சு, போடில். உனக்கு ஏத்தினது மறிக்கிற மருந்து. அவ்வளவு மிதிச்சும் கரையாததுக்கு அதுதான் காரணம். அவன் சொல்றதுக்கு நீதான் பெரிய சாட்சி. உன் பேரைப் போய் அடிச்சுட்டானே, அந்தப் புத்திசாலி!"

மறுநாள் அவனே என் பேருந்தில் ஏறினான். என் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு, போடில். உங்களைத் திரும்பச் சேர்த்துக்கறேன். இதுல ஒரு கையெழுத்து போடுங்க. நீங்க இல்லாம என் ஆராய்ச்சி நிக்காது."

"தப்பு நடந்துச்சா, நீ பண்ணினியா?"

"உறையைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே ஆளை நீக்கினேன்னு வெளிய தெரிஞ்சா என் பேர் கெட்டுடும். நமக்குள்ளயே முடிச்சுக்கலாமே."

அவன் பேர்! அப்போ என் பேர் என்ன குப்பையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தி, அறிவிப்பு மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினேன்.

"பத்துப் பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னே. இங்க முப்பது பேர் இருக்காங்க. போடில் பொய் சொல்லலன்னு சொல்லு. இப்பவே கையெழுத்து போடறேன்."

மைக்கைப் பார்த்தான். திரும்பிப் பயணிகளைப் பார்த்தான்.

"சின்னப்பிள்ளைத்தனம்," என்று முணுமுணுத்தபடி காகிதத்தை மடித்துக்கொண்டு இறங்கினான்.

அன்று மாலையே என் ரத்தம், ஸ்கேன், துடிப்புப் பதிவு எதையும் அவன் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி அனுப்பினேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாமென்று அவன்தானே முதல் நாள் தாளில் அச்சடித்துக் கொடுத்தான்.

இப்போதும் தினம் மிதிக்கிறேன். அந்த மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டது. இடுப்பு பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. அவன் என் காலில் விழுந்து கேட்டாலும் அதைச் சொல்ல மாட்டேன்.