வாளியில் விழுந்த ஆணி

அந்தக் குதிரைக்குச் சோம்பேறி என்று பெயர். முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்கிறது என்று போனில் சொன்னதும் டாக்டர் சிரித்தது அதனால்தான்.

“நடிக்குதான்னு பாருங்க.”

“இல்ல டாக்டர். குளம்புக்கு அடியில, நடுவுல மெத்துன்னு இருக்கிற இடத்துல, லாட ஆணி ஏறியிருக்கு” என்றாள் லாயத்தைப் பார்த்துக்கொள்பவள்.

சிரிப்பு நின்றது. “புடுங்கிடாதீங்க. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம்னு நான் படம் எடுத்துப் பாக்கணும். ஆணி அழுந்தாம ரெண்டு பக்கமும் துணிய மடிச்சு வச்சுக் கட்டுங்க. ஒரு அடிகூட நடத்தாதீங்க.”

அவள் துணியோடு திரும்பியபோது லாடம் அடிக்கும் அவளுடைய தம்பி குறடைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எடுத்தாச்சுக்கா. ஒரு சொட்டு ரத்தம் வரல. கைராசி அப்படி!”

இருபத்திரண்டு வருடத் தொழில். கோணலாக ஏறிய ஆணியைக் கண்டால் அவன் கை யோசிக்காது.

“ஆணி எங்கடா?”

வாளியைக் காட்டினான். காலையிலிருந்து கழற்றிய பழைய ஆணிகள் நாற்பதுக்கு மேல் அதில் கிடந்தன. அவள் குளம்பைத் திருப்பிப் பார்த்தாள். துளை மூடிப்போயிருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் டாக்டர் வந்தார்.

“ஆணி இல்லாம இனிப் படத்துல ஆழம் தெரியாது. மேலாக் குத்தியிருந்தா கழுவிக் கட்டினாப் போதும். மூட்டு வரைக்கும் போயிருந்தா இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி. நாளைக்குன்னா குதிரை தங்காது. ஏம்ப்பா, எந்த ஆணி? நேத்து லாடம் அடிக்கும்போது உன் கையிலேருந்து விழுந்ததா?”

தம்பி வாளிக்குள் கைவிட்டு, இருப்பதிலேயே குட்டையான ஒன்றை எடுத்து நீட்டினான்.

“இதுதான் சார். சின்னதுதான்.”

டாக்டரின் முகம் தெளிந்தது. மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

“அது இல்ல டாக்டர்” என்றாள் அவள். “வெளிய நீட்டிட்டிருந்ததே அந்த ஆணி நீளம் இருந்துச்சு. உள்ள எவ்வளவு போச்சுன்னு தெரியாது.”

“அக்கா...”

“உனக்கும் தெரியாதுடா. தெரியாதுன்னு சொல்லு.”

அவன் ஆணியைத் திரும்ப வாளியில் போட்டான். பிறகு சொன்னான்: “தெரியாது சார்.”

டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். நாலு மணி நேரப் பயணம். குளம்பைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டினார்கள். வண்டி வந்தது. ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று, மூன்று காலில் குதிரை வண்டியின் பலகையில் ஏறி முடிக்க வெகுநேரமாயிற்று.

“நானும் வரட்டாக்கா?”

“யாராவது கயித்தப் பிடிக்கணுமில்ல? ஏறு” என்றாள்.