அரியாங்குப்பம் போன கொடி

ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் குடியிருந்த அமலநாதனின் ஹாலில் வளர்ந்த மணி பிளாண்ட், ஜூன் கடைசியில் அரியாங்குப்பம் பாலத்தைக் கடந்து அக்கரை சேர்ந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போயிருந்த வாரம் அது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் சங்கரா மீன் மலிந்திருந்ததால் ஊர் அந்தப் பேச்சில்தான் இருந்தது. பாலத்தில் கொடியைப் பார்த்தவர்கள், அமலநாதனின் பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு போகிறது என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனார்கள்.

அவர்கள் சொன்னது சரிதான். செடியை வளர்த்தவள் அவர் மனைவி புஷ்பமேரி. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய ஒரு துண்டை ஊறுகாய் பாட்டில் தண்ணீரில் போட்டு வேர்விட வைத்து, தொட்டிக்கு மாற்றி, தேங்காய் நார் சுற்றிய கம்பு நட்டு, வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் விழும் ஜன்னலோரம் வைத்திருந்தாள். சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். துடைத்துக்கொண்டே அந்த வாரத்துச் செய்திகளை அதனிடம் சொல்வாள். மின்துறையில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அமலநாதன், அவள் பேசும்போது 'ம்' கூடக் கொட்டாதவர். செடி புது இலையாவது விட்டது.

பிப்ரவரியில் அவளுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கணவரிடம் ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது இலைகள் துவண்டு தொங்கின. தொட்டியின் விளிம்பிலிருந்து மண் விலகியிருந்தது.

"தண்ணி ஊத்தலியா?"

"நீதான் வந்துடுவியே," என்றார் அமலநாதன் டிவியைப் பார்த்தபடி.

புஷ்பமேரி தொட்டி நனைய நனைய ஊற்றினாள், இலைகளைத் துடைத்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டு, தையல்கூடப் பிரிக்காத வயிற்றோடு அரியாங்குப்பத்தில் தங்கை சின்னப்பாப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. சமாதானம் பேச மாதா கோயில் பெரியவர்கள் அமலநாதன் வீட்டுக்கு வந்தார்கள். காபி போட ஆளில்லாததால் சீக்கிரம் போய்விட்டார்கள்.

செடி தேறியதும் கொடி ஜன்னல் கம்பி வழியாக வெளியே இறங்கியது. கேபிள் வயரைப் பற்றிக்கொண்டு முதலியார்பேட்டை, மரப்பாலம் என்று கடலூர் சாலையோடு போனது. விக்ரம் என்ற லைன்மேன் அமலநாதன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"சார், உங்க வூட்டுக் கொடி நம்ம லைன் பக்கம் போவுது. வெட்டிடட்டுமா?"

பணியில் இருந்த காலத்தில் ஊரில் எத்தனையோ கொடிகளை வெட்டச் சொன்னவர் அமலநாதன். "எந்தப் பக்கம் போவுது?" என்று கேட்டார்.

"தெக்கால சார். அரியாங்குப்பம் பக்கம்."

"அப்ப உடு."

அப்படித்தான் அது பாலத்தைக் கடந்தது. சின்னப்பாப்பா வீட்டு ஜன்னலில் நுழைந்து, அக்காவின் கட்டில் தலைமாட்டில் ஓர் இலையை விரித்தது. வீட்டை விட்டுப் போனபின் புஷ்பமேரி முதன்முதலாகக் கணவருக்குப் போன் செய்தது அன்றுதான்.

"செடி வந்துடுச்சிங்க. எல மஞ்சளா இருக்குது. தண்ணியக் கொட்றீங்களா?"

"காலைல ஒரு பக்கெட்டு, சாயந்தரம் ஒரு பக்கெட்டு."

"வேர் அழுவிடும். மண்ணுல வெரல உட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க."

அதுமுதல் அமலநாதன் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். தேவையில்லாத நாட்களிலும் விட்டுப் பார்த்து, ஈரம் எப்படியிருக்கிறது என்று போன் செய்து சொன்னார். கல்யாணமான நாள் முதலாக மனைவியிடம் பேசியதைவிட ஒரு தொட்டி மண்ணைப் பற்றி அவர் அதிகம் பேசினார். மறுமுனையில் புஷ்பமேரி 'ம்' கொட்டினாள்.

செப்டம்பரில் அரியாங்குப்பத்தில் கொடியின் கணு ஒன்று பெயின்ட் வாளி மண்ணில் வேர்விட்டது. "இனிமே அந்த வூட்டு வேரு இதுக்குத் தேவையில்லக்கா. மாமாகிட்ட சொல்லிடு," என்றாள் சின்னப்பாப்பா. புஷ்பமேரி சில நாள் சொல்லாமல் இருந்தாள். மறைத்துப் பழக்கமில்லாததால் பிறகு சொன்னாள்.

"இங்க வேர் உட்டுடுச்சி. நீங்க ஊத்தலன்னாலும் இது பொழச்சிக்கும்."

அமலநாதன், "நடுவுல இருக்கறது?" என்று கேட்டார்.

அவரிடமிருந்து அப்படியொரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "நடுவுல இருக்கறது பூரா தூசி. பஸ்சு போற ரோடு. தூசி படிஞ்சா எலைக்கு மூச்சு முட்டும்," என்றாள்.

மறுநாள் அமலநாதன் பழைய வேட்டியைக் கிழித்து, விக்ரமிடம் ஏணி இரவல் வாங்கி, தன் ஜன்னலிலிருந்து துடைக்கத் தொடங்கினார். மழை பெய்யும் நாட்களில் அந்த வேலையை வானம் பார்த்துக்கொண்டது. கடைக்காரர்கள் மோர் கொடுத்தார்கள். வந்ததற்குத் தங்கள் போர்டையும் துடைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். துடைத்தும் கொடுத்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியபோது, கறுத்து இளைத்து, சின்னப்பாப்பா வீட்டுக் கட்டில் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"உன்னக் கூப்புட வரல மேரி. தொடச்சிக்கினே வந்தேன். இங்க வந்து முடிஞ்சிது."

புஷ்பமேரி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். "அடிப்பக்கம்?"

இலைக்கு அடிப்பக்கம் ஒன்று இருப்பதே அமலநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று அங்கேயே மீன் குழம்பு சாப்பிட்டு, வராந்தாவில் படுத்து, விடிந்ததும் அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார். ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று புஷ்பமேரி பாலம் வரை கூட வந்தாள். ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தங்கை வீட்டுக்குத் திரும்பினாள். அடுத்த முறை அவர் துடைத்துக்கொண்டு வந்து திரும்பியபோது, பாலத்தையும் தாண்டி முருங்கப்பாக்கம் வரை வந்தாள்.

அதற்குமேல் வருவாளா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. உயரம் ஏற ஏற இலை பெரிதாவது இந்தச் செடியின் இயல்பு. முருங்கப்பாக்கத்தில் ஓர் இலை பந்தல் அளவுக்கு விரிந்திருக்கிறது. வெயிலுக்கு அதன் கீழே நின்று பஸ் ஏறுகிறார்கள். கண்டக்டரிடம் "பெரிய எல ஒண்ணு" என்று கேட்டால், டிக்கெட் கிழித்துத் தருகிறார்.