உப்புப் போட்ட புட்டி

1

இந்தக் கதை என்னிடம் ஒரு நகைச்சுவையாகத்தான் வந்து சேர்ந்தது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் சொன்னார்: தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிற ஒருத்தர், பொண்டாட்டி வயிற்றிலிருந்து எடுத்த நீரில் உப்பைப் போட்டு லேப்புக்குக் கொண்டுபோனாராம். கடையே சிரித்தது. பச்சைத்தோல் கெடாமலிருக்க அதற்கு உப்புத் தேய்த்து என்னை வளர்த்தவர் என் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

முதல் தொடக்கம்: 'பாலாற்றின் மேல் அந்தி சாய்ந்துகொண்டிருந்தபோது ஹயாத் பாஷா...'

(அடித்துவிட்டேன். மனிதர் கையில் புட்டியோடு நிற்கிறார். அவருக்கு எதற்கு அந்தி?)

இரண்டாவது: சனிக்கிழமை மதியம், ஆம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் பில்கிஸின் வீங்கிய வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அதில் புற்றுநோய் அணு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறைக்குத்தான் அவள் சம்மதித்திருந்தாள்.

"இன்னொரு வாட்டி குத்தணும்னா நான் வரமாட்டேன். சொல்லிட்டேன்."

புட்டியைக் கணவர் ஹயாத் பாஷாவிடம் கொடுத்து, "வேலூர் லேப்ல குடுத்துடுங்க பாய். கெடாம பாத்துக்கங்க" என்றார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

(வீட்டில் இவர்கள் பேசுவது உருது. எனக்கு அது அரைகுறை. தமிழிலேயே பேச வைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

லேப் இனி திங்கள்கிழமைதான் திறக்கும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் பால் இருக்கும், கறி இருக்கும். அங்கே இதை வைக்கக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் உடம்பிலிருந்து எடுத்தது கெடாமல் இருக்க அவருக்கு ஒரு வழி தெரியும். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலையே அதுதான். ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டு, மூடி, குலுக்கினார்.

3

லேப்பில் வேலை செய்யும் சௌந்தர்யாவை முதலில் கோபக்காரியாக எழுதினேன். பொருந்தவில்லை. அவள் தன் வேலையைச் செய்தாள். நீரை மெஷினில் சுழற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். அணுக்கள் எல்லாம் வற்றல் மாதிரிச் சுருங்கிக் கிடந்தன. எது நல்லது, எது கெட்டது என்று பிரிக்க முடியவில்லை.

"இதுல இன்னா போட்டீங்க பாய்?"

"உப்புதாம்மா. ஜாஸ்தி ஆயிடுச்சா?"

(டீக்கடைக் கதையில் இங்கே அவள் சிரிக்கிறாள். என் கதையில் சிரிக்க மறுக்கிறாள்.)

புதுப் புட்டி ஒன்றை நீட்டினாள். "மறுபடி எடுக்கணும் பாய். எடுத்தவுடனே ஐஸ் பெட்டியில வெச்சு எடுத்துட்டு வாங்க. உப்பு வேணாம்."

"அவ ஒத்துக்கமாட்டாளேம்மா."

4

முடிவு ஒன்று. வீடு திரும்பி, "ஒண்ணும் இல்லையாம்" என்கிறார் ஹயாத் பாஷா. பில்கிஸ் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுகிறாள். கிழித்துப் போட்டேன். பொய்க்கு வயிறு வற்றாது.

முடிவு இரண்டு. உள்ளதைச் சொல்கிறார்.

"உப்பா? என்னையும் ஆட்டுத்தோல்னு நெனச்சிட்டீங்களா?"

சிரிக்கிறாள். வலிக்க வலிக்கச் சிரிக்கிறாள். சிரித்து முடித்ததும் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்கிறாள்.

"பில்கிஸ், நான்..."

இதற்கு மேல் அவருக்கு என்னால் பேச்சு எழுதிக் கொடுக்க முடியவில்லை. எப்படி எழுதினாலும் அவள் முந்தானையை விடுவதில்லை. புதுப் புட்டி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. உங்களுக்கு அவளிடம் பேசத் தெரிந்தால் பேசிப் பாருங்கள்.

டீக்கடையில் நான் கேட்காமல் இல்லை. "அந்தம்மா அப்புறம் இன்னா ஆனாங்க?" என்றேன்.

சொன்னவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அது தெரியலப்பா. உப்பு வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."